பழைய சாம்பல் நிறம்

பிப்ரவரி 3, சனி

பேஸ்மென்ட்டில் லெகோ ரயில்கள் இருக்கும் அலமாரியைத் திறந்துவிட்டேன். ஊர் திரும்பும் மூட்டையில் என் பங்கு ஒரு ஷூ பெட்டி. கப்பலில் அனுப்புவது பற்றிப் பேசி முடித்தாயிற்று, மறுபடி எடுக்கக் கூடாது.

தண்டவாளத்தைத் துணிகளுக்கு நடுவே சொருகிவிடலாம். வளைவுத் துண்டு பதினாறு இருந்தால் ஒரு வட்டம் முழுதாக வந்துவிடும். ஷூ பெட்டிக்குள் மோட்டார், ரெகுலேட்டர், ஒரு இன்ஜின். பிரிக்காமல், கட்டியது கட்டியபடி. ஒன்றுதான் போகும். இரண்டை வைத்துப் பார்த்தேன், மூடி மூடவில்லை.

பிப்ரவரி 4

அம்மாவுக்கு இன்று காய்ச்சல் இல்லையாம்.

பிப்ரவரி 6

சூப்பர் சீஃப் இன்ஜினைத் துடைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. பழைய பெயின்ட் பிரஷ்தான் இதற்குச் சரி. துணி பட்டால் ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

லெகோ இதை 2002-ல் வெளியிட்டது. எண் 10020. முதல் பத்தாயிரம் பெட்டிகள் தனிப் பதிப்பு. என்னுடையது அதில் இல்லை, பிறகு வந்தது. அதனால் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சிவப்பு மூக்கு, மஞ்சள் பட்டை, சாம்பல் உடம்பு. 1937-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஓவியர் லேலண்ட் நிக்கர்பாக்கர் சான்டா ஃபே ரயிலுக்காக வரைந்த வண்ணம் அது. அந்த வண்ணத்தோடு ஓடிய எஃப்7 இன்ஜினை ஆறு ஸ்டட் (கட்டை மேலுள்ள குமிழ்) அகலத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். நிஜ இன்ஜினின் மூக்கு முழுக்க வளைவு. கையில் இருப்பதோ சதுரக் கட்டை. இருந்தும் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் எஃப்7 என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கட்டுமானத்தில் இதைவிடக் கெட்டிக்கார மூக்கு வேறு எந்த லெகோ டீசலிலும் இல்லை என்பது என் முடிவு. எட்டு ஸ்டட் அகலத்தில் தாங்களே கட்டுகிறவர்களின் மாடல்கள் இன்னும் அசலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆறுக்குள் அடக்குவதில்தான் எனக்கு மதிப்பு.

ஆனால் இடது பக்கம் அந்த ஒரு கட்டை.

2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தை மாற்றிவிட்டது. பழையதில் லேசாக ஒரு மஞ்சள் சூடு இருக்கும், புதியதில் நீலம் கலந்திருக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது இந்த இன்ஜினில் ஒரு கட்டை தொலைந்தது. அவசரத்துக்குப் புதிய சாம்பலில் ஒன்றை வைத்தேன். ஏழு வருஷமாக அங்கேயே இருக்கிறது. வருகிறவர்கள் யாரும் கவனித்ததில்லை. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

பிப்ரவரி 7

லெகோ கட்டைகளை உதிரியாக விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் தேடினேன். பழைய வெளிர் சாம்பல், ஒன்றுக்கு நான்கு ஸ்டட் கட்டை. ஒரே ஒரு கட்டைக்கு ஆர்டர் போட மனமில்லாமல் ஆறு போட்டேன். பத்து நாளாகுமாம்.

பிப்ரவரி 9

இங்கே இரவு ஒன்பது, அங்கே காலை எட்டரை. தங்கச்சி போனை அம்மா காதில் வைத்தாள். மூச்சு வாங்குவது கேட்கிறது. இரண்டு வார்த்தை பேசினாள்.

“ஏம்ப்பா, அந்த வண்டிய எடுத்துட்டு வருவியா?”

சரிம்மா என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எந்த வண்டி?

பிப்ரவரி 10, சனி

இந்த பேஸ்மென்ட்டில் கடைசி முறையாக லெகோ ரயில்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். டவுனர்ஸ் குரோவ் பெரியவர் இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். அரோராவிலிருந்து தம்பி வந்தான். வெளியே பனி.

மூன்று டீசல்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பேச ஆரம்பித்தோம். சூப்பர் சீஃப், 2005-ல் வந்த பிஎன்எஸ்எஃப் ரயில்வேயின் ஆரஞ்சு ஜிபி-38, 2011-ன் மேர்ஸ்க். பெரியவர் தன்னுடைய 7755-ஐயும் பக்கத்தில் வைத்தார். 1983, பன்னிரண்டு வோல்ட் காலத்து ஷன்டிங் இன்ஜின். அதன் முன்னால் மற்ற மூன்றும் நேற்றுப் பிறந்தவை. நாற்பது வருஷமாகியும் கட்டைகள் ஒன்றையொன்று விடாமல் பிடிக்கின்றன. பெரியவர் அதைக் காட்டுவதற்காகவே கூரையைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

தம்பி மேர்ஸ்க் பக்கம். “அண்ணா, இந்த நீலம் வேற எதுல வருது சொல்லுங்க” என்றான். உண்மைதான். மேர்ஸ்க் கப்பல் கம்பெனிக்கென்றே உள்ள நீலம் அது. ஆயிரத்து இருநூறுக்கு மேல் கட்டை, கன்டெய்னர் வண்டிகள், தனியாக ஒரு லாரி. முழு ரயிலாகக் கையில் வருகிறது. சூப்பர் சீஃபும் ஜிபி-38-ம் வெறும் இன்ஜின்கள், மோட்டார் கூட உள்ளே கிடையாது. பெட்டிகளைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். தம்பியின் வாதம் இதுதான்: இன்ஜினை மட்டும் பார்க்காதீர்கள், அது எதை இழுக்கிறது என்று பாருங்கள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேர்ஸ்க்கின் அழகில் பாதி கன்டெய்னர்களுடையது. இன்ஜினைத் தனியாக நிறுத்தினால் நிறம்தான் முதலில் பேசுகிறது. சூப்பர் சீஃபைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தாலும் அது சூப்பர் சீஃப்தான்.

பிறகு ஓட்டினோம். வேலை செய்கிற ஒன்பது வோல்ட் மோட்டார் என்னிடம் ஒன்றுதான், மாற்றி மாற்றிப் பொருத்தினேன். தண்டவாளத்தின் உலோகப் பட்டையிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் பேட்டரி இல்லை, கனம் இல்லை. மேர்ஸ்க் வந்த காலத்தில் இந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். இன்ஜினுக்குள் பேட்டரி பெட்டியைச் சுமக்க வேண்டும். பேட்டரி கனம் சக்கரத்துக்கு நல்ல பிடி கொடுக்கும் என்று தம்பி சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ரெகுலேட்டர் குமிழை மெதுவாகத் திருப்பும்போது இன்ஜின் தயங்கி, தயங்கி, அப்புறம் நகருமே. அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் ஒன்பது வோல்ட்டை விடாமல் இருக்கிறேன்.

பெரியவர் கிளம்பும்போது சூப்பர் சீஃபைக் கையில் எடுத்து இடது பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

2016-ல் அம்மா இங்கே வந்திருந்தபோது மடக்கு நாற்காலி போட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து பார்த்தாள். அன்று இரண்டும் ஓடின. சிவப்பு மூக்கும் ஆரஞ்சும். இரண்டையும் அவள் வண்டி என்றுதான் சொன்னாள்.

பிப்ரவரி 12

ரெகுலேட்டரின் சுவர் அடாப்டர் 120 வோல்ட். அங்கே 230. நேராகச் செருகினால் அதோடு முடிந்தது. 1990-களின் சாமான், மாற்று கிடைப்பது கஷ்டம். மச்சானைக் கேட்டேன். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயே வாங்கி வைக்கிறேன், சின்னதே போதும் என்றார். ரெகுலேட்டர் மேல் சிவப்பு டேப் ஒட்டி “நேராகச் செருகாதே” என்று தமிழில் எழுதினேன். தங்கச்சி பையனுக்கு எதையும் உடனே செருகிப் பார்க்கும் பழக்கம்.

பிப்ரவரி 13

எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். நாளைக்குச் சொல்வார்களாம்.

பிப்ரவரி 14

சொல்லவில்லை.

பிப்ரவரி 15

வீட்டில் இருக்க முடியவில்லை. நேப்பர்வில் ஸ்டேஷனுக்குப் போய் நடைமேடையில் நின்றேன். மூன்று தடம், பிஎன்எஸ்எஃப்-இன் பாதை. மெட்ரா புறநகர் வண்டிகளுக்கு நடுவே ஆரஞ்சு இன்ஜின்களோடு சரக்கு ரயில் ஒன்று போனது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது.

பிற்பகல் மூன்றரை வாக்கில் சவுத்வெஸ்ட் சீஃப் வந்து நின்றது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ். 1936-ல் கிளம்பிய சூப்பர் சீஃபின் வாரிசு இதுதான். ஆம்ட்ராக் என்ற அரசு நிறுவனம் பயணிகள் ரயில்களை எடுத்துக்கொண்ட பிறகு சேவை தரம் பிடிக்காமல் சான்டா ஃபே 1974-ல் பெயரைத் திரும்பக் கேட்டுவிட்டது. பத்து வருஷம் கழித்து “சீஃப்” மட்டும் திரும்பி வந்தது. பழைய சூப்பர் சீஃப் இந்த ஊர் வழியாக ஓடவில்லை, அதன் தடம் ஜோலியட் பக்கம். ஆனாலும் பதினாலு வருஷமாக இந்த நடைமேடையில் நிற்கும்போதெல்லாம் அலமாரியில் இருப்பதன் பெரிய அண்ணன் வருகிறான் என்றே நினைத்திருக்கிறேன். எஃப்7-ம் ஜிபி-38-ம் பிறந்த இ.எம்.டி. (ஜெனரல் மோட்டார்ஸின் இன்ஜின் பிரிவு) தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரான லா கிராஞ்ச்கூட இதே தடத்தில் கிழக்கே கொஞ்ச தூரம்தான்.

வண்டி கிளம்பியது. யாரோ ஜன்னலிலிருந்து கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

பிப்ரவரி 17, சனி

மேர்ஸ்க் போய்விட்டது. தம்பி பணம் கொடுக்க வந்தான், பாதிதான் வாங்கினேன். பெட்டி, புத்தகம், எல்லாம் அவனிடம். அலமாரியில் அந்த இடம் மட்டும் தூசியில்லாமல் நீள்சதுரமாக இருக்கிறது.

பிப்ரவரி 19

பார்சல் வந்தது. ஆறும் புதிய சாம்பல். விற்றவர் தவறாக வகைப்படுத்தியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு எழுதினார், பணமும் திரும்பி வரும். பணத்தை வைத்து என்ன செய்ய? ஜன்னல் வெளிச்சத்தில் பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றாவது பழையதாக இருக்காதா என்று.

பிப்ரவரி 21, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. ஜிபி-38-ஐ எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நானூறு கட்டைக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சேகரிப்பவர்கள் இதற்கு இரண்டாவது இடம் கொடுப்பார்கள், சிலர் மூன்றாவது. மூக்கு இல்லை, வளைவு இல்லை. ஒல்லியான உடம்பு, இருபுறமும் நடைபாதை, ஒரு முனைக்குப் பக்கத்தில் கேபின். ஆனால் இந்த உருவத்தை நான் அமெரிக்கா வந்து தெரிந்துகொள்ளவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் சங்கு ஊதியதும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் பார்த்த இன்ஜின்களெல்லாம் இந்த ஜாதிதான். டபிள்யூ.டி.எம்.2. ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு, முதல் வண்டிகள் 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்தன, 1964-லிருந்து வாரணாசியில் கட்டினார்கள். இ.எம்.டி.க்கு ஆல்கோ போட்டிக் கம்பெனி. இரண்டின் சத்தமும் வேறு, புகையும் வேறு. ஆனால் கேபின் கதவைத் திறந்து வெளியே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் ஓரமாக ஆள் நடந்து போவானே, அது இரண்டிலும் உண்டு. எஃப்7-ல் அது கிடையாது. அதில் ஆள் உள்ளேயே மறைந்துவிடுகிறான்.

அம்மா அதைத்தான் பார்த்திருப்பாளோ? ஆரஞ்சு வண்டி சுற்றும்போது “ஷெட்டு வண்டி மாதிரி இருக்கு” என்று சொன்னதாக ஒரு ஞாபகம். சொன்னாளா, நானே இப்போது சேர்த்துக்கொள்கிறேனா? மனைவியை எழுப்பிக் கேட்கலாம் போலிருந்தது. எழுப்பவில்லை.

ஷூ பெட்டிக்குள் ஜிபி-38.

பிப்ரவரி 22

மகள் சொல்கிறாள், பாட்டி சிவப்பு வண்டிக்குத்தான் கை தட்டினாளாம். அவளுக்கு அப்போது மூன்று வயது. எப்படி ஞாபகம் இருக்கும்? படத்தில் பார்த்திருப்பாள். படத்தைத் தேடினேன். அம்மாவின் முகம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது. வண்டி மட்டும் வெளியே போய்விட்டது.

பிப்ரவரி 24, சனி

பெரியவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். உள்ளேகூட வரவில்லை, பூட்ஸில் பனி. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஜிப் பையை எடுத்துக் கொடுத்தார். ஒன்றுக்கு நான்கு, பழைய சாம்பல்.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். தன் சூப்பர் சீஃபிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். அவருடையது அந்தத் தனிப் பதிப்பு. அதில் கட்டையை உருவியிருக்கிறார். என்னுடைய புதிய சாம்பலை அந்த இடத்தில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். நன்றி சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. இரவு போன் செய்தேன், எடுக்கவில்லை.

மாட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய கட்டை என்னுடையதைவிட ஒரு மயிரிழை வெளுத்திருக்கிறது. அவர் வீட்டில் ஜன்னலோரம் வைத்திருந்தார். ஆனால் குடும்பம் ஒன்று. தெரிகிறது.

ஷூ பெட்டியிலிருந்து ஜிபி-38-ஐ எடுத்தேன். சூப்பர் சீஃபை வைத்தேன். மூடி சரியாக மூடியது.

பிப்ரவரி 25

மறுபடி மாற்றினேன்.

பிப்ரவரி 26

தங்கச்சியிடம் கேட்டுவிட்டேன். அம்மாவிடம் சிவப்பா ஆரஞ்சா என்று கேட்டுச் சொல் என்றேன். “இப்ப அதுவா அண்ணா முக்கியம்?” என்றாள். அப்புறம் அவளே, கேக்குறேன், முழிக்கட்டும் என்றாள்.

பிப்ரவரி 27

டிக்கெட்டை மாற்றியாயிற்று. நாளைக்கே. நான் மட்டும் முதலில் போகிறேன், ஒரு பை மட்டும். தண்டவாளத்துக்கு இடமில்லை. துணியைக் குறைத்து எட்டு வளைவு வைத்திருக்கிறேன், அரை வட்டம். இரண்டு இன்ஜினும் மேஜைமேல்தான் இருக்கின்றன. தங்கச்சி போன் இன்னும்