முதலைக்கு நெருங்கிய சொந்தம் யார்? பெர்லினில் கிடைத்த பதில்

பெர்லினுக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்லும் இடம், இன்வாலிடென் தெருவிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததுமே நடு மண்டபத்தில் ஜிராஃபடைட்டன் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. உயரம் 13.27 மீட்டர். பொருத்தி நிறுத்தப்பட்ட டைனோசர் எலும்புக்கூடுகளில் உலகிலேயே உயரமானது இதுதான். இந்த எலும்புகள் இன்றைய தான்சானியாவிலுள்ள தெண்டகுருவில் 1909 முதல் 1913 வரை தோண்டி எடுக்கப்பட்டவை. துறைமுகம் வரை அவற்றைச் சுமந்து நடந்தவர்கள் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். அவர்களை நினைக்காமல் அந்தக் கூட்டை என்னால் பார்க்க முடியவில்லை.

எல்லோரும் தலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் கால்களைப் பாருங்கள். பல்லிக்கும் ஓணானுக்கும் தொடை பக்கவாட்டில் விரிந்திருக்கும். இதற்கோ கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண்களாக இறங்குகின்றன. தொடையெலும்பு பொருந்தும் இடுப்புக் குழியும் மூடிய கிண்ணமாக இல்லை, திறந்த துளையாக இருக்கிறது. டைனோசரை அடையாளம் காண ஆய்வாளர்கள் தேடும் முக்கியமான தடயம் இது. கடலில் நீந்திய பிளீசியோசார்களும் வானில் பறந்த டெரோசார்களும் டைனோசர் கூட்டத்தில் சேராதவை.

அதே அருங்காட்சியகத்தில்தான் ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் இருக்கிறது. ஜெர்மனியின் ஐக்ஸ்டெட் அருகே 1870-களில் கிடைத்த அசல் கல். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழமை. காக்கை அளவு உடம்பு. விரிந்த சிறகுகளில் இறகுத் தடங்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. ஆனால் வாயில் பற்கள், கையில் நகமுள்ள மூன்று விரல்கள், பின்னால் நீண்ட எலும்பு வால். நான் அதிக நேரம் நின்றது இதன் முன்னால்தான். பறவைக்கும் டைனோசருக்கும் உறவு உண்டு என்று ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 1860-களிலேயே வாதிட்டார். 1996-இல் சீனாவின் லியாவ்னிங்கில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ், பறவையல்லாத டைனோசருக்கும் இறகுபோன்ற இழைகள் இருந்ததைக் காட்டியது.

முதுகில் தகடும் முள்ளும் கொண்ட கென்ட்ரோசாரஸ் என்ற டைனோசரையும் தவறவிடாதீர்கள். அதன் இடுப்பெலும்பு பறவையினுடையதைப் போலவே இருக்கும். ஆனாலும் பெரும்பாலோர் ஏற்கும் வம்ச மரத்தில், பறவைகள் ஜிராஃபடைட்டன் இருக்கும் கிளையிலிருந்து வந்தவை. இடுப்பின் அந்தச் சாயல் தனித்தனியே இருமுறை உருவானது.

மாலையில் விலங்குக்காட்சிச் சாலையை ஒட்டிய மீன்காட்சியகத்தின் முதலைக் கூடத்துக்குப் போனேன். பார்வைக்கு முதலை பெரிய பல்லிதான். உறவில் அப்படி இல்லை. முதலையும் பறவையும் ஆர்க்கோசார் என்ற ஒரே குடும்பம். டைனோசர்களும் அதே குடும்பம். முதலைக்கும் பறவைக்கும் நான்கு அறை இதயம். முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் முதலை கூட்டைக் காவல் காக்கும். இன்றுள்ள விலங்குகளில் முதலைக்கு மிக நெருங்கிய சொந்தம் பறவைகளே. அப்படியானால் பறவைகளை விட்டுவிட்டு ‘ஊர்வன’ என்று ஒரு வகுப்பு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவில் டைனோசர் இனம் முழுவதும் அழிந்துவிட்டது என்று சொல்வதும் அப்படியே; பறவைகளாக அது இன்றும் இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காலையில் அதை முடித்துவிட்டு முதலைகளிடம் போங்கள், பிறகு விலங்குக்காட்சிச் சாலையின் பறவைக் கூடத்துக்கு. இந்த வரிசையில் பார்த்தால் உறவு தானே விளங்கும்.