ராயபுரம் வீட்டில் பஞ்சிங் பேக் மாட்டிய அனுபவம்

வீட்டிலேயே குத்துச்சண்டைப் பயிற்சிக்கு 40 கிலோ பஞ்சிங் பேக் ஒன்றை மாட்டுவது என்று முடிவானதும், அதை எதில் தொங்கவிடுவது என்ற கேள்விக்கே அதிக நேரம் கொடுத்தேன். பேக் 40 கிலோ என்றால் கொக்கியும் 40 கிலோ தாங்கினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 45 பாகை வரை ஊசலாடித் திரும்பும் பேக், மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடக்கும்போது தன் எடையைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு விசையுடன் கொக்கியை இழுக்கும். கீழிருந்து மேலாக ஓர் அப்பர்கட் விழுந்து, சங்கிலி ஒரு கணம் தளர்ந்து மறுபடி விறைக்கும்போது வரும் வெட்டு இழுப்பு அதைவிடக் கடுமையாகவே இருக்கும். ஆகவே எடையைப் போல் மூன்று மடங்கு, அதாவது 120 கிலோவைத் தாங்கும் அமைப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

வடசென்னையின் பழைய வீடுகள் பலவற்றைப் போல எங்கள் வீட்டின் முன்கட்டு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சிறிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்த கூரை அது. பல்லாண்டு காலமாக அசையாத சுமையை மட்டுமே தாங்கிவரும் அந்தக் கூரையை நாள்தோறும் குலுக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பின்கட்டு பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் தளம். பார்க்க வந்த கொத்தனார், "இருக்கிற ஃபேன் கொக்கியிலயே மாட்டிடலாமே, சார்" என்றார். நான்கைந்து கிலோ எடையுள்ள மின்விசிறிக்காக வைத்த கம்பி அது என்பதால் அந்த யோசனையை ஏற்கவில்லை. தளத்தில் துளையிட்டு, அதற்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் அடிப்பதும் பிடிக்கவில்லை. கடற்காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட்டின் அடிப்பகுதி பொரிந்து உதிர்வதை எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் காணலாம். அத்தகைய மேலோட்டை நம்பி ஒரு போல்ட் நிற்பது ஆபத்தானது. தளத்தை ஊடுருவி மேலே தகடு வைத்து முடுக்கினால் பிடிப்பு உறுதிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் துளை வழியாக நீர் இறங்காமல் காப்பது பெரும்பாடு.

எனவே தளத்தைத் தொடாமல், பின்னறையின் 7 அடி அகலத்துக்குக் குறுக்கே, இரண்டு 9 அங்குலச் செங்கல் சுவர்களின் மேல் 3 அங்குல சி-சேனல் (C வடிவ இரும்பு உத்திரம்) ஒன்றைப் பொருத்தினோம். பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரில் கை வைக்காமல், எங்களுக்கு மட்டுமே உரிய சுவர்கள் இரண்டையும் தேர்ந்துகொண்டது முக்கியமான முடிவு. பொதுச் சுவரில் ஏற்றியிருந்தால் ஒவ்வொரு குத்தும் அடுத்த வீட்டு அக்காவின் படுக்கையறையில் கேட்டிருக்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள இந்தச் சேனலுக்கு, நடுவில் 120 கிலோ தொங்கினாலும் வரும் தகைவு, அது தாங்கக்கூடியதில் மிகச் சிறு பங்குதான். பாக்ஸ் பைப் வாங்கும்படி கடையில் சொன்னார்கள். உள்பக்கத்துக்கு வண்ணம் பூச முடியாத இரும்புக் குழாய் கடலோரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப்போகக்கூடும் என்பதால் சேனலிலேயே உறுதியாக நின்றேன்.

சுவரில் 6 அங்குல ஆழத்துக்குப் பொந்து எடுத்து, அடியில் 1:2:4 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் மெத்தை போட்டு, ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்திப் பதப்படுத்திய பிறகே சேனலை ஏற்றினோம். மெத்தைக்கும் இரும்புக்கும் நடுவே கனமான ரப்பர் துண்டு வைத்தது அதிர்வை நன்றாகவே குறைக்கிறது. ஏற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் ரெட் ஆக்சைடும் அதன் மேல் எனாமலும் பூசியாயிற்று.

கொக்கி, சங்கிலி வகைகளில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் வாழ்வது ஒரு வரம். படகுக்கு வாங்கும் துத்தநாகம் பூசிய டி-ஷேக்கிளும் (D வடிவ இணைப்பு வளையம்) சங்கிலியும் உப்புக்காற்றுக்கென்றே செய்தவை. விளையாட்டுப் பொருள் கடைகளில் பேக்குடன் தரும் மெல்லிய சங்கிலியைவிட இவற்றையே நம்பலாம். சேனலைச் சுற்றி யூ-போல்ட் போட்டு இரட்டை நட்டால் முடுக்கி, அதன் கீழ் ஸ்பிரிங், சுழல் கொக்கி, சங்கிலி என்று வரிசையாக இணைத்தேன். சேனல் தரையிலிருந்து 9 அடி, இணைப்புகள் இரண்டரை அடி, பேக் 4 அடி. அடிப்பாகம் தரைக்கு மேல் இரண்டரை அடியில் நிற்கிறது. குத்து விழும் நடுப்பகுதி என் நெஞ்சு உயரத்துக்குச் சரியாக வருகிறது.

பேக்கை வெறும் உறையாகத்தான் பெரியமேட்டில் வாங்கினேன். மணல் போடவில்லை. மணல் நாளடைவில் அடியில் இறங்கிக் கல்லாக இறுகி மணிக்கட்டைப் பதம் பார்க்கும். வண்ணாரப்பேட்டைத் தையல் கடைகளில் கழிக்கும் துணித் துண்டுகளில் பொத்தானையும் ஜிப்பையும் அகற்றி, ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை உலக்கையால் இடித்து நிரப்பினோம். இடிக்காமல் திணித்தால் நடுவில் பள்ளம் விழும்.

இப்போது தினமும் காலையில், கையில் நாலரை மீட்டர் பட்டை சுற்றி, 14 அவுன்ஸ் கையுறையுடன் 3 நிமிடச் சுற்றுகள் ஆடுகிறேன். துணி இறங்கி மேல்பகுதி சற்றுத் தளர்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் நிரப்ப வேண்டும். யூ-போல்ட் நட்டுகளை ஞாயிறுதோறும் ஸ்பேனர் வைத்துச் சோதிக்கிறேன். இதுவரை தளர்வு இல்லை. சேனலும் சுவரும் சேரும் இடத்தில் மட்டும் மழைக்காலத்துக்கு முன் இன்னொரு பூச்சு பூச வேண்டியிருக்கிறது.