டிரேடிங் புத்தகத்துக்கு மெனக்கெடலாமா? ஒரே ஒரு விதியை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்

டிரேடிங் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். எந்த ஆண்டு எழுதியது, எந்தச் சந்தை, இன்ட்ராடேயா (அன்றே வாங்கி அன்றே விற்பது) டெலிவரியா (வாங்கிக் கையில் வைத்திருப்பது) என்று பார்த்துவிட்டு, வாங்கும் முறை வரும் அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். அதில் ஒரு விதியை மட்டும் நோட்டில் நான்கு வரியாக எழுதுங்கள்: எங்கே வாங்குவது, ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் விலை) எங்கே, எங்கே வெளியேறுவது, எத்தனை பங்கு.

"வால்யூம் நன்றாக இருந்தால் வாங்கலாம்" என்றிருக்கும். வால்யூம் என்பது கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை. நன்றாக என்றால் எவ்வளவு? 20 நாள் சராசரியைப் போல ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா? நான்கில் இரண்டு வரி இப்படிக் காலியாக நின்றால், முறை கற்றுக்கொள்ள அந்தப் புத்தகம் உதவாது.

நான்கும் நிரம்பினால்தான் உண்மையான வேலையே தொடங்குகிறது. புத்தகத்திலுள்ள சார்ட்டுகள் ஜெயித்த பிறகு பொறுக்கி எடுத்தவை. நீங்கள் ரீப்ளே (பழைய சார்ட்டை மறுபடி ஓடவிடும் வசதி) வைத்து, ஒவ்வொரு கேண்டிலாக (விலை நகர்வைக் காட்டும் பட்டை) நகர்த்தி, விதி பொருந்தும் 100 இடங்களைக் குறியுங்கள். ஒரு நாளைக்குப் பத்து போதும். அதற்கு மேல் கண் ஏமாற்றும். தோற்றதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்துக்கொண்டு 2008-ஐச் சோதிப்பார்கள். 2009 ஜனவரியில் நீக்கப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர்ஸ் பங்கு அதில் இருக்காது. விழுந்த பங்குகளெல்லாம் கழிந்துபோன பட்டியலில் சுமாரான விதியும் ஜொலிக்கும்.

இனி கணக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு லட்ச ரூபாய்க்கு இன்ட்ராடே. 40 முறை ஜெயித்து 750 வீதம் 30,000 வரவு. 60 முறை தோற்று 500 வீதம் 30,000 போச்சு. சமம் என்று தோன்றும். புரோக்கரேஜ் போக வர 40 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 7.20, விற்கும்போது எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) 25, ஸ்டாம்ப் டியூட்டி 3. எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தைச் சேர்க்காமலே ஒரு டிரேடுக்கு 75 ரூபாய். நூறுக்கு 7,500 நஷ்டம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள், தாராளமாக வாங்குங்கள்.

எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது. மார்ஜின் (முன்பணம்), எக்ஸ்பயரி (ஒப்பந்தம் முடியும் நாள்) போன்ற அடிப்படைகளுக்கு, பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சீரிஸ் 8 தேர்வின் பாடநூலே போதும்.

நான்கு வரி தேறாவிட்டாலும் படிக்க வேண்டிய புத்தகங்களும் உண்டு. 1923-இல் வந்த 'ரெமினிசன்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர்' அப்படி ஒன்று. அதன் நாயகன் பக்கெட் ஷாப்புகளில் (பங்கை நிஜமாக வாங்காமல் விலை மீது பந்தயம் கட்டும் கடைகள்) அள்ளுவான்; அங்கே டேப்பில் (விலை அச்சாகி வரும் காகித நாடா) தெரியும் விலைக்கே கணக்குத் தீரும். நியூயார்க்கில் நிஜமான புரோக்கரிடம் போனதும் அதே முறை தோற்கும். ஆர்டர் போய்ச் சேர்வதற்குள் விலை நகர்ந்திருக்கும். நாம் ஸ்லிப்பேஜ் என்கிறோமே, அதுதான். அதனால் உங்கள் 100 டிரேடிலும் வாங்கும் விலையை 0.05 சதவீதம் கூட்டி, விற்கும் விலையை அதே அளவு குறைத்து, மறுபடி ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அப்போதும் லாபம் நின்றால் மிச்ச அத்தியாயங்களைப் படிக்க உட்காரலாம்.