ஐந்தாம் தேதிக்கு அப்புறம்

மார்ச் 3

கடைசித் தவணைக்கு இன்னும் ரெண்டு நாள். கணக்கில் பணம் இருக்கிறது. காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், படுக்கப் போகும் முன்னாலும் பார்த்தேன். அதே தொகைதான், எங்கே போய்விடும்? ஆனால் ஒரே ஒரு தடவை தவணை திரும்பிப் போயிருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம். இல்லாதவளிடம் இல்லை என்பதற்காக ரெண்டு பேரும் பிடுங்கினார்கள். அந்த மாதத்திலிருந்து எனக்கு 3, 4 தேதிகளில் தூக்கம் கிடையாது.

மார்ச் 5

காலை 6.10க்கு மெசேஜ். பிடித்துவிட்டார்கள். 84 தவணையில் 84.

இவர் பல் தேய்த்துக்கொண்டே "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது." அவ்வளவுதான். ஏதாவது தோன்றும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

மார்ச் 6

பிரிட்ஜ் சத்தம் போடுகிறது.

மார்ச் 9

எல்லாரும் தூங்கிய பிறகு நோட்டை எடுத்தேன். கையிருப்பை மாதச் செலவால் வகுத்தால் நாலரை. அதாவது நாளைக்கே சம்பளம் நின்றாலும் நாலரை மாதம் ஓட்டலாம். மூன்றிலிருந்து ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் போதும் என்கிறார்கள். பாஸ்.

நோட்டை மூடிவைத்திருக்கலாம். மாதச் செலவு என்று எதை எழுதினேன் என்று மறுபடி பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு முறை கட்டும் இன்சூரன்ஸ் அதில் இல்லை. பையனுடைய பீஸ் இல்லை. 'எதிர்பாராத செலவு' என்று தனிப்பக்கம் வைத்திருக்கிறேன், அதுவும் இல்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டினால் பன்னிரண்டு மாதத்திலும் ஏதோ ஒன்று இருக்கிறது. மிக்ஸி, காய்ச்சல், கல்யாணம், டயர், மறுபடி காய்ச்சல். மாதாமாதம் வருவதற்கு எதிர்பாராதது என்று ஏன் பெயர் வைத்தேன்?

எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்தேன். நாலரை, 3.6 ஆகிவிட்டது. ஒரு காசு செலவழிக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் இருபத்தேழு நாள் போயிற்று.

மார்ச் 10

பிரிட்ஜ் காலுக்கு அட்டையை நாலாக மடித்து முட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பல்வலிக்குப் பயந்து வலது பக்கமே மென்று மென்று தாடை வலி.

மார்ச் 13

மூணு மணி. விழிப்பு.

கிரெடிட் கார்டு இருந்த காலம் ஞாபகம் வந்தது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு 'இந்த மாசம் கட்டியாச்சு' என்று கவலையில்லாமல் தூங்குவேன். மாதம் 3 சதவீதம், ஆக வருஷத்துக்கு 36 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வட்டிக்கு வட்டி ஏறினால் அது 42-ஐத் தாண்டும் என்று பிறகுதான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். கழுத்துவரை கடனில் இருந்தபோது தூங்கினேன். இப்போது ஒருவருக்கும் தர வேண்டியதில்லை, கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன்.

மார்ச் 14

அக்கா போன் பண்ணினாள். "சும்மாதான்" என்றாள். சும்மா போன் பண்ணுகிறவள் இல்லை அவள்.

மார்ச் 16

நிலுவை இல்லை என்ற கடிதம் கைக்கு வந்தது. கடைசித் தவணை போனாலும் இதைக் கேட்டு வாங்காமல் விடக்கூடாது, விட்டால் பழைய கடன் பதிவில் உயிரோடு நிற்கக்கூடும். நாலு வரி. என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. மாற்றித் தரச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 17

2013-ல் வந்த ஆய்வு ஒன்றைப் படித்தேன். கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன்னால், கை வறண்ட நாட்களில், யோசித்துப் பதில் சொல்லும் சோதனை வைத்திருக்கிறார்கள். பணம் வந்த பிறகு அதே ஆட்களுக்கு மறுபடி வைத்திருக்கிறார்கள். பிந்தியதில் மொத்தத்தில் இன்னும் நன்றாகச் செய்தார்களாம். காசுக் கவலையே தலைக்குள் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்கிறார்கள்.

அழுகை வந்துவிட்டது. இந்த ஏழு வருஷத்தில் நான் மறந்தவற்றை நினைத்துக்கொண்டேன். பையனின் ஆண்டுவிழா. அடுப்பில் வைத்த பால், எத்தனை தடவை. ஒருநாள் இவர் பேசிக்கொண்டே இருக்க, நான் தலையாட்டிக்கொண்டே பதினெட்டிலிருந்து பதினொன்றைக் கழித்துக்கொண்டிருந்தேன். "உனக்கு ஞாபகசக்தியே இல்லை" என்பார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அவர்களுக்கு அறுவடையோடு தெளிந்துவிட்டது. எனக்கு?

மார்ச் 20

ஆபீசில் 'லிஸ்ட்' என்கிறார்கள். யார் போட்டது, எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. 3.6.

மார்ச் 21

சாப்பிடும்போது பையன் பெருமையாகச் சொன்னான்: "72-ஐ வட்டியால வகுத்தா, எத்தனை வருஷத்துல பணம் ரெட்டிப்பாகும்னு வரும்மா." விலைவாசிக்கும் அதே கணக்குதானாம். வருஷம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் கையில் இருப்பதற்குப் பாதி மதிப்பு. சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான். நான் எனக்கு எண்பது வயதாகும் வரைக்கும் கணக்குப் போட்டுவிட்டு எழுந்தேன்.

மார்ச் 23

இல்லை, 24. தேதி தப்பாக எழுதிவிட்டேன். எனக்கா தேதி தப்பும்?

மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டைக் கொடுத்தேன், வாங்கினேன், படியிறங்கினேன். தெருவில் வந்த பிறகுதான் உறைத்தது: கூட்டவே இல்லை. முன்பெல்லாம் கடைக்காரர் பில் போடுவதற்குள் மனதில் கூட்டி முடித்திருப்பேன். அதிகமானால் எதைத் திருப்பித் தருவது என்றும் முடிவாகியிருக்கும். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டித் தரச் சொல்லி வாங்கியிருக்கிறேன், "அஞ்சு நாளைக்குப் போதும், மீதியை அப்புறம் வாங்கிக்கறேன்" என்று. வாங்கியதில்லை. இன்றைக்கு முழு அட்டை பையில் கிடக்கிறது. அதன் ஓரம் அறுபடாமல் வழவழவென்று இருந்தது. வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பில்லைக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 26

அக்காவுக்கு அனுப்பினேன். அவள் கேட்கவில்லை. "எதுக்குடி?" என்றாள், பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. 3.1.

இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 28

பிரிட்ஜ் சத்தம் நின்றுவிட்டது. சரியாகித்தான் நின்றதா, ஒரேயடியாக நின்றதா? திறந்து உள்ளே கை வைத்துப் பார்க்கப் பயம். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 29

ஓடுகிறது.

ஏப்ரல் 2

ஒருவழியாகப் பல்லுக்குப் போனேன். நாற்காலியில் சாய்ந்ததும் "மொத்தம் எவ்வளவு ஆகும் டாக்டர்?" என்றேன். "முதல்ல வாயைத் திறங்கம்மா" என்றார்.

வேர் சிகிச்சை. மூன்று முறை வர வேண்டும். ரெண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் வெறுமனே அடைத்தே விட்டிருக்கலாமாம். மிச்சம் பிடித்த லட்சணம். 2.9.

ஏப்ரல் 3

இவருக்குத் தெரிந்துவிட்டது, அக்கா விஷயம். கோபப்படுவார் என்று பார்த்தேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றதோடு சரி. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 5

ஆறு மணிக்கே விழிப்பு. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 6.10. 6.15. ஒன்றும் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. 6.30க்கு எழுந்துபோய்ப் பால் வைத்தேன். பொங்குவதற்கு முன்னால் இறக்கினேன்.

ஏப்ரல் 6

நாளைக்குப் பத்தரைக்கு மீட்டிங் என்று மெயில். எங்கள் பிரிவுக்கு மட்டும்.