எந்தப் புள்ளி வரை கூரையின் உயரம்?

சென்னையில் அமர்ந்து அமெரிக்கக் கிடங்குகளுக்குக் கட்டமைப்புக் கணக்குப் போடத் தொடங்கிய காலத்தில், கூரை உயரம் என்ற ஒற்றை எண்ணிலேயே நான் பிழை செய்தேன். அந்தப் பிழை, கட்டடங்களின் மீதான காற்றுச் சுமைக்கான நம்முடைய இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் பழகியதால் வந்தது. அதில் தரையிலிருந்து 10 மீட்டர் வரை காற்று வேகத்துக்கான உயரக் காரணி மாறுவதில்லை. கூரையின் அழுத்தக் கெழுக்களை (காற்றழுத்தத்தைப் பெருக்கும் எண்களை) தேர்வதற்கும் இறவாரம் (சரிவுக் கூரையின் கீழ் விளிம்பு) அல்லது கைப்பிடிச் சுவர் வரையிலான உயரமே போதும். ஆகவே, 9 மீட்டர் முகடு கொண்ட கிடங்குக்கு முகட்டின் உயரத்தை நான் தேடியதே இல்லை.

அமெரிக்கக் கட்டடங்களின் சுமைகளுக்கான விதிநூலான ஏ.எஸ்.சி.இ. 7 அப்படி விடுவதில்லை. கூரைச் சரிவு 10 பாகைக்கு மேற்பட்டால், இறவார உயரத்துக்கும் முகட்டு உயரத்துக்கும் சராசரியையே அது கூரை உயரமாகக் கொள்கிறது. 100 அடி அகலம், 20 அடி இறவாரம், 30 அடி முகடு உள்ள இருபுறச் சரிவுக் கிடங்கில் சரிவு ஏறத்தாழ 11.3 பாகை, எனவே உயரம் 25 அடி. திறந்த வெளிக்குரிய சி வகை நிலப்பரப்பில், காற்றழுத்தக் காரணி 20 அடிக்கு 0.90, 25 அடிக்கு 0.94, 30 அடிக்கு 0.98. இறவாரத்தோடு நின்றுவிட்ட என் கணக்கில் அழுத்தம் 4 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது.

என்னை அதைவிடக் கவலைப்படுத்தியது விளிம்புப் பட்டையின் அகலம். காற்று கூரைத் தகட்டை மிகக் கடுமையாகப் பிய்த்தெடுக்கும் அந்தப் பட்டையை, கட்டடத்தின் குறுகிய பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு, கூரை உயரத்தில் 0.4 மடங்கு ஆகிய இரண்டில் சிறியதைக் கொண்டு வரைகிறோம். 25 அடி உயரத்துக்கு அது 10 அடி. நான் வரைந்ததோ 8 அடி. திருகுகள் நெருக்கமாக இருந்தாக வேண்டிய 2 அடி, நடுக்கூரையின் இடைவெளியோடு வரைபடத்தில் கிடந்தது.

கைப்பிடிச் சுவர் சராசரிக் கூரை உயரத்தில் சேராது; ஆனால் அந்தச் சுவரின் மீதான அழுத்தத்தை அதன் உச்சி உயரத்தில்தான் கணக்கிட வேண்டும். இப்போது எந்த வேலையிலும், காரணியைத் தேடும் முன், தரை, இறவாரம், முகடு, கைப்பிடிச் சுவரின் உச்சி ஆகிய நான்கு மட்டங்களையும் குறுக்குவெட்டு வரைபடத்தில் எழுதிவிடுகிறேன்.