எப்படிப் போட்டாய் என்று கேட்கிற வேலை

கல்வியியல் பேராசிரியர் என்றால் வாத்தியார்களுக்கு வாத்தியார் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். அது பாதி வேலைதான். மீதிப் பாதியை நான் பள்ளிக்கூடங்களின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செய்திருக்கிறேன். கும்பகோணம், வலங்கைமான், பாபநாசம், நீடாமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் எங்கள் பி.எட். மாணவர்கள் பாடம் நடத்துவார்கள். நான் பின்னால் இருந்து குறிப்பெடுப்பேன். எனக்குக் கணிதம் கற்பித்தல் பாடம். பியாஜே, வைகாட்ஸ்கி, புளூம் என்று பிள்ளைகள் கற்பதைப் பற்றி எழுதிய அறிஞர்கள் எல்லாரையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் என் ஆராய்ச்சிக் கேள்விகள் எல்லாம் அந்தக் கடைசி பெஞ்சில் கிடைத்தவை.

வெண்ணாற்றங்கரையில் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்பு, பின்னக் கூட்டல். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னதற்கு ஒரு பையன் 2/7 என்று எழுதியிருந்தான். பயிற்சி மாணவி அதை அடித்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து 7/12 என்று கரும்பலகையில் போட்டார். பையனும் பார்த்து எழுதிக்கொண்டான். பாடம் முடிந்ததும் அவரிடம், "அவன் எப்படிப் போட்டான்னு அவனையே கேளுங்கம்மா" என்றேன். கேட்டார்.

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ மூணும் நாலும் ஏழு மிஸ். மார்க்கெல்லாம் அப்படித்தானே கூட்டுவீங்க?"

அவன் சொன்னது சரி. மூன்று மதிப்பெண் கேள்வியில் ஒன்று, நான்கு மதிப்பெண் கேள்வியில் ஒன்று வாங்கினால் மொத்தம் ஏழுக்கு இரண்டுதான். மார்க் கூட்டுவதற்கான முறையைப் பின்னத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். அந்தப் பிள்ளைக்கு ஒரு முறை இருக்கிறது, அது வேறோர் இடத்தில் பொருந்தவும் செய்கிறது என்று தெரியாமல் சிவப்பு மையில் அடித்தால் அது அப்படியே உள்ளே தங்கிவிடும்.

அப்புறம் கணக்கை நிலத்துக்குக் கொண்டுபோனோம். அவன் அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்பவர். எங்கள் பக்கம் நில அளவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், அதாவது 100 சென்ட். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்றதும் "ஒரு மா, 33 சென்ட்" என்றான். கால் ஏக்கர் 25. இரண்டும் சேர்ந்தால் 58 சென்ட். ஏக்கரில் ஏழில் இரண்டு பங்கு 29 சென்டுக்குக் கூட வராது என்று வகுத்துப் பார்த்து அவனே சொன்னான்: "ஒரு மாவோட கால் ஏக்கரைச் சேர்த்தா எப்படி மிஸ் ஒரு மாவை விடக் குறையும்?" 7/12 ஏன் வருகிறது என்று அதன் பிறகுதான் அவன் கேட்டான். முதலில் கரும்பலகையில் விடையைப் பார்த்தபோது அவனிடம் கேள்வியே இல்லை.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1985-இல் வெளிவந்தது. வியாபாரத்தின் நடுவே போட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இதைச் சொல்வேன். சொல்வதோடு விட்டால் அது தேர்வுக்கு ஒரு ஐந்து மதிப்பெண் விடை ஆகிவிடும். அதனால் பிள்ளைகளிடம் போய்க் கேட்க வைப்பேன். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் 20 வாரமாக நீண்டது. புதிய பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அதுதான். குறைந்த நாட்களில் பாடத்தை முடிப்பதே பெரும்பாடு. பிள்ளை பேச நேரம் கிடைக்காது.

ஆய்வு நெறியாளராக இருப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் ஏதாவது ஒன்றைப் பற்றிய மனப்பான்மை என்று தலைப்போடு வருகிறார்கள். வினாநிரல், அளவுகோல், கருதுகோள், ஆண் பெண் வேறுபாடு, நகரம் கிராமம் வேறுபாடு என்று ஆய்வேடு முடிந்துவிடும். புள்ளியியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு பிள்ளைகள் தவறாகப் போட்டார்கள் என்று எண்ணுவதற்கு முன், பத்துப் பிள்ளைகள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று உட்கார்ந்து கேட்டுவிட்டு வா என்பேன்.

இப்போது என்னிடம் ஆய்வு செய்கிறவர் விழுக்காட்டை எடுத்திருக்கிறார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை, 40 கிலோ, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மழையில் நனைந்த நெல்லைக் காயவைத்துக்கொண்டு அப்பா காத்துக் கிடக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிப்பத்தில் தண்ணீர் எத்தனை கிலோ என்று கேட்டால் 17 என்பவர்கள் நிறைய. 6.8 கிலோ என்று ஒரு பிள்ளை எந்த வழியாக வந்து சேர்கிறது, 17 என்று சொன்ன பிள்ளை என்ன நினைத்தது, இரண்டையும் அவர் பதிவு செய்கிறார்.

இதில் எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. டெல்டா என்றதும் எல்லார் வீட்டிலும் நெல் இருப்பதாக நினைத்துப் பாடம் எழுதிவிடுகிறோம். அதே வகுப்பில் நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மா, குழி, சிப்பம் எல்லாம் அவர்களுக்கு அடுத்த வீட்டுக் கணக்கு. அவர்கள் வீட்டில் வேறு கணக்கு நடக்கிறது: ஏக்கருக்கு இவ்வளவு என்று நடவைப் பேசி எடுக்கும் பெண்கள், பாதியில் ஒருத்தி வந்து சேர்ந்தால் அவளுக்கு எவ்வளவு என்று வரப்பிலேயே பங்கு பிரிக்கிறார்கள். விகிதம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் பாடக்குறிப்பு எழுதுமுன் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் என்ன வேலை, அதில் யார் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். அதைப் பார்க்காமல் நான் பாடக்குறிப்பில் கையெழுத்துப் போடுவதில்லை.