டேர் கஃபெ, டாஸ் கஃபே

1820-களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்குக் காபி வந்தது. செடி, பழம், பொடி, டம்ளரில் வருவது எல்லாமே நமக்குக் காபிதான். அஃறிணை, அதோடு தீர்ந்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் உயிரில்லாத பொருளின் பெயருக்கும் ஆண்பால், நடுப்பால் என்று பால் உண்டு. சேலத்தில் நர்சிங் முடித்து ஜெர்மன் ஏ1 என்ற தொடக்க நிலை படிப்பவர்களும், எஸ்டேட் காபிக்கு ஐரோப்பிய மொழிகளில் லேபிள் அடிப்பவர்களும் இடறுவது இங்கேதான்.

ஜெர்மனில் குடிக்கும் காபி ஆண்பால்: டேர் கஃபெ, அழுத்தம் முதல் அசையில். உட்கார்ந்து குடிக்கும் கடை நடுப்பால்: டாஸ் கஃபே, அழுத்தம் கடைசியில், நெடிலாக. ஆஸ்திரியாவில் பானத்துக்கும் அழுத்தம் கடைசியில்தான். அங்கே காதை நம்பாமல், பாலைக் காட்ட முன்னால் வரும் டேர் (ஆண்பால்), டாஸை (நடுப்பால்) கவனியுங்கள்.

ஆர்டர் செய்யும்போது நம் ஆட்கள் 'ஐன் கஃபெ' (ஒரு காபி) என்பார்கள். ஆண்பால் சொல் செயப்படுபொருளாக வந்தால் 'ஐனன் கஃபெ' என்றாக வேண்டும். "ஒரு காபி குடுங்க" என்கிறோமே தவிர, "ஒரு காபியைக் குடுங்க" என்பதில்லை. ஐ உருபை விட்டுப் பேசும் பழக்கம் அங்கேயும் கூடவே வந்துவிடுகிறது. கடையில் காபி கிடைத்துவிடும், பரீட்சையில்தான் மார்க் போகும். இரண்டு கேட்டால் மட்டும் நிம்மதி: 'ட்ஸ்வை கஃபெ', நம்ம 'ரெண்டு காபி' மாதிரியே பன்மை விகுதி வேண்டாம்.

பிரெஞ்சில் பானமும் கடையும் ஒரே சொல், இரண்டும் ஆண்பால். 'அன் கஃபே' என்றால் பாலில்லாத சின்னக் கப். 'து கஃபே' என்றால் அளவு சொல்லாத காபி. லேபிளில் முழுக் கொட்டைக்கு 'கஃபே ஆன் க்ரேன்' என்று போடுங்கள். அகராதியைப் பார்த்து 'ஃபேவ்' என்று போட்டால் அவரைக்கோ கோக்கோவுக்கோ போய்விடும்.

காபி என்ற சொல்லை எழுதும்போது இத்தாலியனில் எஃப் இரண்டு, பிரெஞ்சில் ஒன்று. கடைசி எழுத்தின் மேலுள்ள கோடு பிரெஞ்சில் வலப்பக்கம் ஏறும், இத்தாலியனில் இறங்கும். ஒரே டிசைனை இரண்டுக்கும் காப்பி அடித்தால் இதுதான் முதலில் கெடும். இத்தாலியனில் பன்மையில் சொல் மாறாது. முன்னால் உள்ள 'இல்' மட்டும் 'இ' ஆகும். கடையில் வெறும் 'லாத்தே' கேட்டால் பால்தான் வரும்.

டச்சில் பானம் 'கோஃபி'. 'கஃபே' என்பது பீர் கிடைக்கும் இடம். சுவீடிஷில் காபி, அதாவது 'கஃபெ', பொதுவாகச் சொன்னால் நடுப்பால், ஆனால் ஒரு கப் கேட்கும்போது பொதுப்பாலுக்குரிய (ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றானது) 'என்' வரும்.

ரஷ்யனில் 'கோஃபே' ஈற்றைப் பார்த்தால் நடுப்பால் போலிருக்கும். பழைய வடிவமான 'கோஃபெய்' ஆண்பால் என்பதால் இதுவும் ஆண்பால். பேச்சில் நடுப்பாலும் உண்டு, 2009-இல் அதையும் ஏற்ற அகராதிகளால் பெரிய சண்டையே நடந்தது. எழுத்தில் ஆண்பாலே வைத்துக்கொள்ளுங்கள்.